மதிப்பெண் பள்ளிக்கா, மதிலுக்கா?

பெருநாள் விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் பிள்ளைகளிடம், அமெரிக்காவில் வீடு வாங்கிய செய்தியை விசாரித்துப் பாருங்கள். அறைகள் எத்தனை, தோட்டம் எவ்வளவு என்பனவெல்லாம் பிறகு வரும். முதலில் வருவது ஓர் எண். "நல்ல பள்ளி மாவட்டம். பத்துக்கு ஒன்பது." சொல்கிறவர் குரலில் ஒரு நிறைவு. கேட்கும் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் மனம் குளிர்கிறது. பேரப் பிள்ளைகள் உயர்ந்த பள்ளியில் ஓதப் போகிறார்கள் என்று தெரு முழுவதும் செய்தி பரவுகிறது.

அந்த நிறைவில் நாமும் பங்கு கொண்டவர்களே. மக்களின் கல்விக்காக வாழ்நாள் சேமிப்பைச் செலவிடும் பெற்றோரை எவரும் குறை கூற இயலாது, கூறவும் கூடாது. ஆயினும் அந்த ஒன்பது எதை அளந்து பெற்ற ஒன்பது என்று நம்மில் எவரேனும் ஒரு நாளாவது கேட்டதுண்டா? வீடு விற்பவர் எண்ணைக் காட்டுகிறார். வாங்குபவர் விலையைக் கொடுக்கிறார். எண்ணுக்கும் விலைக்கும் உள்ள உறவை இருவருமே பேசுவதில்லை.

அந்த உறவைப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம். புறநகர்ப் பள்ளி மாவட்டம் பெறும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி அப்பள்ளியின் உழைப்பை அளந்ததன்று. அதைச் சுற்றி எழுப்பப்பட்டுள்ள மதிலின் உயரத்தை அளந்தது. இக்கூற்று கடுமையானது என்று சிலருக்குத் தோன்றலாம். சான்றுகளைப் பார்த்த பின் அவர்களே தீர்ப்புக் கூறட்டும்.

மாவட்டம் என்பது என்ன?

நம் நாட்டில் கல்வி மாவட்டம் என்பது அரசாங்கத்தின் நிருவாகப் பிரிவு. மேலிடத்தில் தீட்டிய திட்டம், மேலிடத்தில் ஒதுக்கிய பணம், மேலிடத்தில் நியமித்த அலுவலர். அமெரிக்காவின் பள்ளி மாவட்டம் அவ்வாறு அன்று. அது ஒரு குட்டி அரசு. தனக்கென எல்லை, தனக்கெனத் தேர்தலில் வென்ற குழு, தனக்கென வரி விதிக்கும் உரிமை எல்லாம் அதற்கு உண்டு. ஐம்பது குடும்பங்கள் வாழும் ஊர் தன் செலவில் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று 1647இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் பிறந்த சட்டத்திலிருந்து வளர்ந்த மரபு இது. இன்று அந்நாட்டில் இத்தகைய மாவட்டங்கள் ஏறத்தாழ 13,000 உள்ளன. சிலவற்றில் பல லட்சம் மாணவர் பயில்கின்றனர். பெரு நகரங்களின் விளிம்பில் உள்ள சிறு மாவட்டங்களிலோ இரண்டாயிரம், மூவாயிரம் பேர். ஒரே ஓர் உயர்நிலைப் பள்ளி.

சிறு மாவட்டத்திற்கென்று ஓர் அழகு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆசிரியருக்கு மாணவனின் தம்பியையும் தெரியும். குழு உறுப்பினரைக் கடைத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். குறையைச் சொல்லத் தலைநகருக்கு ஓட வேண்டியதில்லை. இவை மெய்யான நலன்கள்.

ஆனால், பணம் எங்கிருந்து வருகிறது? அந்நாட்டுப் பொதுப் பள்ளிகளின் செலவில் கிட்டத்தட்ட நாற்பத்தைந்து விழுக்காடு உள்ளூர் வருவாய். அதில் பெரும்பகுதி வீட்டின் மீதும் நிலத்தின் மீதும் விதிக்கப்படும் சொத்து வரி. எனவே மாளிகைகள் நிறைந்த ஊரின் பள்ளிக்கு மாளிகைகளின் வரி. குடிசைகள் நிறைந்த ஊரின் பள்ளிக்குக் குடிசைகளின் வரி. எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பதே பள்ளியின் பாதித் தலையெழுத்தை எழுதிவிடுகிறது. தலைமடை வயல்காரன் வாய்க்காலை அடைத்து வைத்துக்கொண்டு, கடைமடை வயலின் விளைச்சலைக் கண்டு, "உழவு தெரியாதவர்கள்" என்று உதட்டைப் பிதுக்கினால் நாம் ஒப்புவோமா? அங்கே ஆண்டுதோறும் மதிப்பெண் பட்டியல் வெளிவரும்போது நடப்பது அதுதான்.

இரு தீர்ப்புகள்

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகர்ப்பகுதியில் எட்ஜ்வுட் என்றொரு பள்ளி மாவட்டம். அலமோ ஹைட்ஸ் என்று மற்றொரு பள்ளி மாவட்டம். முதலாவது ஏழை மெக்சிக்க வம்சாவளியினர் வாழ்ந்த இடம். இரண்டாவது செல்வர் வாழும் சிறு புறநகர். 1967-68ஆம் கல்வியாண்டில், சொத்து மதிப்பில் ஒவ்வொரு நூறு டாலருக்கும் எட்ஜ்வுட் மக்கள் 1 டாலர் 5 சென்ட் வரி செலுத்தினர். அந்நகர்ப் பகுதியில் அதுவே மிக உயர்ந்த வரி விகிதம். அதனால் ஒரு மாணவனுக்குக் கிடைத்த உள்ளூர்ப் பணம் 26 டாலர். அலமோ ஹைட்ஸ் மக்கள் செலுத்தியதோ 85 சென்ட். கிடைத்தது 333 டாலர். மாநில, மத்திய அரசுகளின் உதவியைச் சேர்த்த பின்னும் 356க்கு எதிராக 594 என்று ஏற்றத்தாழ்வு நின்றது.

கூடுதலாக வரி கொடுத்தவன் பிள்ளைக்குக் குறைவு. குறைவாகக் கொடுத்தவன் பிள்ளைக்குக் கூடுதல்! ஏழைகள் கல்வியில் அக்கறையற்றவர்கள் என்று வாய் கூசாமல் பேசுவோர் இந்த நான்கு எண்களையும் ஒரு முறை எழுதிப் பார்க்கட்டும்.

எட்ஜ்வுட் மாணவர்கள் 1968இல் வகுப்பறையை விட்டு வெளியேறிக் கிளர்ச்சி செய்தனர். டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற உலோகத் தகட்டுத் தொழிலாளியின் தலைமையில் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973 மார்ச்சில், ஐவருக்கு நால்வர் என்ற நூலிழை வேறுபாட்டில், அவ்வழக்கைத் தள்ளியது. கல்வி பெறும் உரிமை நாட்டின் அரசியல் சட்டத்தில் சொல்லப்பட்ட உரிமையன்று என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். மறு ஆண்டு, 1974 ஜூலையில், டெட்ராய்ட் நகர வழக்கு. நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகள் பிரித்து வைக்கப்பட்டது குற்றம் என்று கண்ட கீழ் நீதிமன்றம், சுற்றியுள்ள 53 புறநகர் மாவட்டங்களையும் இணைத்துத் தீர்வு காணச் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதையும் ஐவருக்கு நால்வர் என்று தடுத்தது. புறநகர்கள் தவறு செய்ததாக மெய்ப்பிக்கப்படாத வரையில் அவற்றின் எல்லையைத் தாண்டலாகாது என்பது தீர்ப்பு.

இவ்விரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மதிலைத் தாண்டிப் பணம் வர வேண்டியதில்லை என்றது ஒன்று. மதிலைத் தாண்டிப் பிள்ளை போக வேண்டியதில்லை என்றது மற்றொன்று. புறநகர்ப் பள்ளி மாவட்டத்தின் இன்றைய வடிவம் இவ்விரு தீர்ப்புகளின் நிழலில் வளர்ந்தது.

நார்மண்டியின் கதை

சட்டத்தை விட்டு ஓர் ஊருக்குள் செல்வோம். மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய கவுண்டியில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் உள்ளன. அவற்றுள் நார்மண்டி, வெல்ஸ்டன், கிளேட்டன் மூன்றும் ஒன்றுக்கொன்று சில மைல் தொலைவிலேயே இருந்தவை. மூன்றுமே சிறு புறநகர் மாவட்டங்கள். கிளேட்டன் செல்வர் வாழும் கவுண்டித் தலைநகரம்; அதன் பள்ளிகள் புகழ் பெற்றவை. வெல்ஸ்டன் வறியவர் ஊர். பிள்ளைகள் அனைவரும் கறுப்பினத்தவர். நார்மண்டியிலும் ஏறக்குறைய அனைவரும் அவர்களே.

வெல்ஸ்டன் மாவட்டம் தேர்வுகளில் வீழ்ந்து வீழ்ந்து மாநிலத்தின் அங்கீகாரத்தை இழந்தது. 2010இல் அதனைக் கலைத்துவிட மாநிலம் முடிவு செய்தது. அங்கிருந்த சில நூறு பிள்ளைகளை எங்கே சேர்ப்பது? அருகிலேயே கிளேட்டன் இருந்தது. சேர்த்தது நார்மண்டியில்! தானே தள்ளாடிக்கொண்டிருந்தவனின் தோளில் மற்றொருவனை ஏற்றி வைத்தார்கள். பின்னர், "இவன் ஏன் நடக்கவில்லை?" என்று கேட்டார்கள். 2013 ஜனவரியில் நார்மண்டியும் அங்கீகாரத்தை இழந்தது.

மிசௌரியில் 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அங்கீகாரம் இழந்த மாவட்டத்தின் பிள்ளைகள், அதே கவுண்டியிலோ அடுத்த கவுண்டியிலோ அங்கீகாரம் பெற்ற மாவட்டத்தில் சேரலாம்; கட்டணத்தைச் சொந்த மாவட்டமே செலுத்த வேண்டும். 2013 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்று உறுதி செய்தது. மதிலில் ஒரு சிறு வாயில் திறந்தது. ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகள், அதாவது நார்மண்டி மாணவரில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர், அவ்வாயில் வழியே புறப்பட்டனர். நார்மண்டி நிருவாகம் பேருந்து விட்டது அருகிலிருந்த ஊருக்கு அன்று. இருபது மைலுக்கும் அப்பால், ஆற்றைக் கடந்து, அடுத்த கவுண்டியில் இருந்த பிரான்சிஸ் ஹவல் மாவட்டத்திற்கு. விடியுமுன் எழுந்து பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கும் அந்தப் பிள்ளைகள் சித்தமாயினர். கல்வியில் அக்கறையற்றவர்களின் பிள்ளைகள் அன்றோ!

அவர்களை வரவேற்றது எது தெரியுமா? 2013 ஜூலையில் பிரான்சிஸ் ஹவல் மாவட்டத்தின் பள்ளி ஒன்றில் கூட்டம் நடந்தது. ஆயிரக்கணக்கில் பெற்றோர் திரண்டனர். பள்ளி வாசலில் உலோகச் சோதனைக் கருவி வையுங்கள் என்றனர். போதைப் பொருளை மோப்பம் பிடிக்கும் நாய்களைக் கொண்டு வாருங்கள் என்றனர். எங்கள் பிள்ளைகளின் உயிருக்கு யார் பொறுப்பு என்றனர். எங்கள் மதிப்பெண் சரிந்தால் எங்கள் அங்கீகாரம் என்னாவது என்றனர். இது நிறத்தைப் பற்றிய பேச்சன்று என்பதையும் மறவாமல் சேர்த்துக்கொண்டனர். அவ்வரங்கில் நார்மண்டியிலிருந்து வந்த பெற்றோரும் பிள்ளைகளும் அமர்ந்திருந்தார்கள். அத்தனையும் அவர்கள் காதில் விழுந்தது.

மதிப்பெண் என்ற சொல்லின் மெய்ப்பொருள் அன்று அவ்வரங்கில் வெளிப்பட்டது என்போம். பத்து வயதுப் பிள்ளை ஒன்று புத்தகப் பையுடன் வாசலில் நிற்கிறது. அதை ஒரு பிள்ளையாக அவர்கள் பார்க்கவில்லை. தங்கள் சராசரியிலிருந்து கழிக்கப்படப்போகும் ஓர் எண்ணாகப் பார்த்தார்கள். இத்தகைய பார்வையை ஒரு சமுதாயத்திற்குக் கற்றுக் கொடுத்த அளவுகோல் எவ்வளவு கொடியது!

பிள்ளைகள் சேர்ந்தனர். அஞ்சியது எதுவும் நடக்கவில்லை. பிரான்சிஸ் ஹவல் தன் தரத்தை இழக்கவில்லை. இழந்தது நார்மண்டியே. சில மாவட்டங்கள் ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ 20,000 டாலர் கட்டணம் கேட்டன. ஏழையின் பெட்டியிலிருந்து செல்வர் பெட்டிக்குப் பணம் பாய்ந்தது. நார்மண்டி தன் தொடக்கப் பள்ளி ஒன்றை மூடியது. நூறு பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்கியது. பின்தங்கிய மாவட்டத்தில் தங்கிவிட்ட மூவாயிரம் பிள்ளைகளின் பள்ளிகளை இப்படித்தான் "சீர்திருத்தினார்கள்".

பெயர் மாற்றிய பெருமை

இதன் பின் நடந்தது இன்னும் நயமானது. 2014 ஜூலையில் மாநிலம் நார்மண்டி மாவட்டத்தைக் கலைத்தது. அதே எல்லையில், அதே கட்டடங்களில் வேறு பெயரில் ஒரு மாவட்டத்தை அமைத்தது. புதிய மாவட்டம் அங்கீகாரம் பெற்றதும் அன்று, இழந்ததும் அன்று. இனி மாற்றல் சட்டம் அதற்குப் பொருந்தாது என்றது. பலகையை மாற்றி எழுதியவுடன் வாயில் மூடிக்கொண்டது! பிரான்சிஸ் ஹவல் மாவட்டம் இனி அப்பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. ஓராண்டு அங்கே பயின்று நண்பர்களைத் தேடிக்கொண்ட பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றனர். பெற்றோர் நீதிமன்றத்தை நாடினர். பெயர் மாறினாலும் அது அங்கீகாரம் இல்லாத மாவட்டமே என்று 2015 பிப்ரவரியில் நீதிபதி தீர்ப்புரைத்த பின்னரே அவர்களுடைய உரிமை உறுதியாயிற்று.

அந்த 2014ஆம் ஆண்டுக்கு மற்றொரு பெருமையும் உண்டு. நாட்டின் ஒவ்வொரு பிள்ளையும் 2014க்குள் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்று 2002இல் கையெழுத்தான கல்விச் சட்டம் ஆணையிட்டிருந்தது. ஆண்டு வந்தது. மாநிலத்தின் மதிப்பீட்டில் நார்மண்டி பெற்றது 140க்கு 10. அவ்வாண்டு அப்பள்ளியில் படிப்பை முடித்த இளைஞர்களுள் ஒருவர் மைக்கேல் பிரவுன். சில நாட்களில் தொழிற்கல்வி நிலையம் ஒன்றில் சேரவிருந்தவர். ஆகஸ்டு 9ஆம் நாள், பக்கத்து ஊரான பெர்குசனில், காவலர் ஒருவரின் துப்பாக்கிக்கு இரையானார். வயது பதினெட்டு. அவர் பெயரால் எழுந்த கிளர்ச்சியை உலகம் அறியும். அவர் படித்த பள்ளியின் கதையை அறிந்தவர் சிலரே.

2017 டிசம்பரில் மாநிலம் அம்மாவட்டத்திற்குத் தற்காலிக அங்கீகாரம் வழங்கியது. மகிழ்ச்சியே. ஆனால், எல்லைக் கோடு ஓர் அங்குலமும் நகரவில்லை.

மறுப்பாளருக்கு மறுமொழி

"பணத்தைக் கொட்டினால் மட்டும் கல்வி வந்துவிடுமா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதே மிசௌரியில் கான்சாஸ் சிட்டியை எடுத்துக்காட்டாகவும் சொல்வார்கள். அங்கே 1985 முதல், நீதிமன்ற ஆணைப்படி, ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவிடப்பட்டது. புதுப் பள்ளிகள் எழுந்தன; நீச்சல் குளங்களும் கோளரங்கமும் கூட வந்தன. மதிப்பெண் உயரவில்லை. 2000இல் அம்மாவட்டம் அங்கீகாரத்தையே இழந்தது.

இவ்வுண்மையை நாம் மறைக்க மாட்டோம். ஆனால், கதையின் முதற்பகுதியை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். அவ்வழக்கில் புறநகர் மாவட்டங்களையும் பொறுப்பேற்கச் செய்ய வேண்டும் என்று முதலில் கேட்கப்பட்டது. டெட்ராய்ட் தீர்ப்பின் வழியில், 1984இல் புறநகர்கள் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டன. மதில் அப்படியே நின்றது. மதிலுக்கு உள்ளே மாளிகை கட்டினார்கள். வெளியே இருக்கும் பிள்ளைகள் அழகைக் கண்டு தாமே உள்ளே வருவார்கள் என்று காத்திருந்தார்கள். ஆக, கான்சாஸ் சிட்டி கற்பிக்கும் பாடம் பணம் வீண் என்பதன்று. சிறைக்குள் கட்டிய மாளிகையும் சிறையே என்பதுதான்.

"பள்ளிக்கும் ஆசிரியருக்கும் பொறுப்பே இல்லையா?" என்பது அடுத்த கேள்வி. உண்டு. நார்மண்டியை ஆண்ட குழுக்களின் பிழைகளும் உண்டு. வராத ஆசிரியரும் வெற்று வகுப்புகளும் உண்டு. அவற்றுக்கு நாம் வழக்குரைக்க வரவில்லை. நாம் கேட்பது இது: ஒரு பள்ளி எப்படி இயங்குகிறது என்பதை அறிய வேண்டுமாயின், பிள்ளை வந்தபோது என்ன கொண்டு வந்தான், போகும்போது என்ன கொண்டு போனான் என்று இரண்டையும் எடைபோட வேண்டாமா? புத்தகம் நிறைந்த வீட்டிலிருந்து, படித்த தாயின் மடியிலிருந்து வருகிற பிள்ளை, பள்ளி வாசலை மிதிக்குமுன்பே பாதி தூரம் நடந்து வந்தவன். அவனுடைய மதிப்பெண் முழுவதையும் பள்ளியின் கணக்கில் வரவு வைப்பது, மாமியார் வீட்டுச் சீரை மருமகனின் சம்பாத்தியமாகக் காட்டுவது போன்றது.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துச் சமூகவியல் அறிஞர் ஷான் ரியர்டன் 2017இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. ஏழ்மைக்கும் குறைந்த மதிப்பெண்ணுக்கும் பேர் போன சிகாகோ நகர மாவட்டத்தில், 2009 முதல் 2014 வரை, மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான ஐந்தாண்டுகளில் மாணவர் ஆறாண்டு வளர்ச்சியைப் பெற்றனர் என்று அவர் கண்டார். சராசரி மதிப்பெண்ணைப் பார்த்தவர் சிகாகோவைத் தோல்வி என்றார். வளர்ச்சியைப் பார்த்தவருக்கு அது நாட்டின் முன்வரிசையில் நின்றது. பத்துக்கு ஒன்பது பெற்ற எத்தனையோ புறநகர்கள் ஐந்தாண்டில் ஐந்தாண்டு வளர்ச்சியை மட்டுமே தருகின்றன. எது நல்ல பள்ளி? விடையை வாசகர்களே கூறட்டும்.

நாம் பட்ட கடன்

"அமெரிக்காவில் ஏதோ ஒரு மூலையில் நடந்ததற்கும் நமக்கும் என்ன?" என்று இங்குள்ள பெரியவர் ஒருவர் கேட்கலாம். நமக்கு நிரம்பவே உண்டு. அதையும் சொல்லி முடிப்போம்.

1965க்கு முன்னர், அந்நாட்டில் குடியேற இந்தியர்க்கு ஒதுக்கப்பட்டிருந்த இடம் ஆண்டுக்கு 100. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் நாட்டின் மனச்சான்றை உலுக்கிய ஆண்டுகளில்தான், 1965இல், நாட்டுக்கு நாடு வேற்றுமை காட்டிய அந்த ஒதுக்கீட்டு முறை ஒழிந்தது. நம் மருத்துவர்களும் பொறியாளர்களும் அவ்வாசல் வழியே சென்றவர்கள்.

சென்றவர்கள் வீடு வாங்கினார்களே, அந்த உரிமை யார் பெற்றுத் தந்தது? செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு தெருவில் கறுப்பினத்தவருக்கும் "மங்கோலிய இனத்தார்" என்று குறிக்கப்பட்ட ஆசியருக்கும் வீடு விற்கலாகாது என்று 1911இல் உடன்படிக்கை எழுதி வைத்திருந்தனர். அத்தெருவில் வீடு வாங்கிய ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் உச்ச நீதிமன்றம் வரை போராடியது. இத்தகைய உடன்படிக்கைகளை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தரலாகாது என்று 1948இல் தீர்ப்புப் பெற்றது. இருபதாண்டு கழிந்து, 1968இல், அதே செயின்ட் லூயிஸ் கவுண்டியின் புறநகர் ஒன்றில் தமக்கு வீடு விற்க மறுத்ததற்காக ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவர் தொடுத்த வழக்கில், நிறம் பார்த்து வீடு விற்பதையே சட்டம் தடுக்கிறது என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகள் புறநகரில் வீடு வாங்கும் உரிமையைப் போராடிப் பெற்றுத் தந்தவர்கள் செயின்ட் லூயிஸ் மண்ணின் கறுப்பின மக்கள். 2013இல் பிரான்சிஸ் ஹவல் பள்ளி அரங்கில் கூனிக் குறுகி அமர்ந்திருந்தவர்கள் அதே மண்ணில் அவர்களின் வழிவந்த தலைமுறை. வாயிலைத் திறந்துவிட்டவர்கள் வெளியே நிற்க, திறந்த வாயிலால் உள்ளே வந்த நாம், மதில் உயரமாக இருக்கிறதா என்று பார்த்து வீடு வாங்கினால் அதற்கு என்ன பெயர்? அண்டை அயலாரின் உரிமையைப் பற்றி நமக்கு எவரும் புதிதாகப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அறிந்ததை அந்த ஊரிலும் நினைவில் வைத்தால் போதும்.

செய்யத் தக்கவை

வீட்டை விற்றுவிட்டு நார்மண்டியில் குடியேறுங்கள் என்று நாம் எவரிடமும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது எளிது, செய்வது அரிது. செய்யக் கூடியவற்றைச் சொல்வோம்.

முதலாவது, கேள்வியை மாற்றுங்கள். பத்துக்கு எத்தனை என்று கேளாதீர்கள். ஓராண்டில் பிள்ளைகள் எவ்வளவு வளர்கிறார்கள், ஆசிரியர்கள் எத்தனை ஆண்டு தங்குகிறார்கள், அம்மாவட்டத்திலேயே உள்ள ஏழைப் பிள்ளைகளின் நிலை என்ன என்று கேளுங்கள். செல்வர் பிள்ளையை மேலும் உயர்த்துவது பள்ளியின் திறமைக்குச் சான்றாகாது. ஏழைப் பிள்ளையை எங்கிருந்து எங்கே கொண்டு சேர்த்தது என்பதே சான்று.

இரண்டாவது, பள்ளிக் குழுத் தேர்தல்களில் வாக்களியுங்கள். குடியுரிமை பெற்ற நம்மவர், நாட்டுத் தலைவர் தேர்தலுக்குக் காட்டும் ஆர்வத்தில் பாதியையேனும் இதற்குக் காட்டலாம். மாநிலம் முழுவதற்கும் பொதுவாகப் பணத்தைப் பகிரும் திட்டம் வரும்போது, "எங்கள் வரி எங்கள் பள்ளிக்கே" என்று கூவும் கூட்டத்தில் நம் குரலும் கேட்கலாகாது.

மூன்றாவது, உங்கள் புறநகரில் குறைந்த வாடகைக் குடியிருப்பு கட்டும் திட்டம் ஒரு நாள் வரும். பள்ளியில் நெரிசல், போக்குவரத்து, வீட்டு விலை என்று காரணங்கள் அடுக்கப்படும். அன்று நகராட்சிக் கூட்டத்திற்குச் செல்லுங்கள். பிரான்சிஸ் ஹவல் அரங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்து நாற்காலியில் அமர்வது என்பதை அந்த நினைவு தானே சொல்லும்.

இங்கே ஊரிலிருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. தொலைபேசியில் பேசும்போது பேரனின் பள்ளி எத்தனை மதிப்பெண் என்று இனிக் கேட்க வேண்டாம். "உன் வகுப்பில் யார் யார் படிக்கிறார்கள்? யார் இல்லை? ஏன் இல்லை?" என்று கேளுங்கள். பிள்ளைக்கு விடை தெரியாமல் போகலாம். அவன் தன் தந்தையிடம் போய்க் கேட்பான். தந்தை அன்றிரவு சற்று நேரம் உறங்காதிருப்பான். அதுவே போதும்.